முப்பத்து நாலு வருஷ ரீமேட்ச்

டெக்கா சந்தைக்குக் கொடுவா மீன் வாங்கப் போன ரத்னவேல், மீனை மறந்துவிட்டு ஒரு குத்துச்சண்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி சரசு காய்கறிப் பக்கம் போயிருந்தாள். மீன்கடையின் ஈரத் தரையில் ஒருவர் குனிந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை. வலது புருவத்தில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பைக் கண்டதும் ரத்னவேலின் இடது கை தானாக மூடிக்கொண்டது. அதைப் போட்டதே அந்தக் கைதான்.

"காதர்?"

அவர் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்.

"ரத்னம்! டேய், உயிரோடதான் இருக்கியா?"

அப்துல் காதர். 1991-இல் ஒரு சமூக மன்றத்து மேடையில் ரத்னவேலோடு மூன்று ரவுண்டு மோதியவர். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் காதர் ஜெயித்தார் என்றார்கள். ஒருவர் ரத்னவேல் என்றார். 'மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் அன்னிக்குக் கண்ணு தெரிஞ்சது' என்பது ரத்னவேலின் தீர்ப்பு. மூன்று மாதத்தில் மறுபடி ஒரு மோதல், ரீமேட்ச் என்று அறிவித்தார்கள். நடக்கவில்லை. முதலில் காதருக்கு ராணுவ ரிசர்விஸ்ட் அழைப்பு வந்தது. அடுத்து ரத்னவேலுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்து வந்து பார்த்தால், மன்றத்தில் குத்துமேடையைக் கழற்றிவிட்டுப் பூப்பந்துக்குக் கோடு போட்டிருந்தார்கள்.

ஆனால் நடக்காத சண்டையில் ஒரு வசதி. அதில் தோற்கவே முடியாது.

அந்த ரீமேட்ச் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரத்னவேல் சொல்லத் தொடங்கினார். முதல் வருஷம், புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். மகன் பிறந்தபோது மூன்றாவது ரவுண்டில் காதரைச் சாய்த்தார். சாங்கி விமானச் சரக்குப் பிரிவில் சூப்பர்வைசர் ஆனதும், சண்டை இரண்டாவது ரவுண்டைத் தாண்டவே இல்லை. பதவி உயர உயர காதர் சீக்கிரம் விழுந்தார். கல்யாண வீட்டில், பலதுறை மருந்தக வரிசையில், லிஃப்ட்டில், எங்கே இரண்டு காது கிடைத்தாலும் ரத்னவேல் அந்தச் சண்டையைப் போட்டுக் காட்டுவார். சரசு மட்டும் குத்துமதிப்பாக நாலாயிரம் தடவை கேட்டிருப்பாள்.

இப்போது அந்த மனிதர் கையில் மீனோடு எதிரே நிற்கிறார்.

"ஒன்னைப் பத்தி நேத்துகூடப் பேசினேன் லா" என்றார் காதர்.

"அப்படியா! என்ன பேசினே?"

"அந்த ரீமேட்ச் மட்டும் நடந்திருந்தா, மொத ரவுண்டுலயே நீ தரையைத் தொட்டிருப்பேன்னு."

தனக்கே தெரியாமல், முப்பத்து நாலு வருஷமாக, காதர் குடியிருக்கும் உட்லண்ட்ஸில் ரத்னவேல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்! காதர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எத்தனை டிரைவர்கள் கேட்டிருப்பார்கள்? எல்லை தாண்டி ஜோகூர் போகிற வரிசையில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்?

"மொத ரவுண்டா? எத்தனை செகண்டுல?"

"நாப்பது."

"நாப்பதா! நீ ரெண்டாவது ரவுண்டுல என் இடது கை வாங்கிட்டு, கயித்தைப் புடிச்சு அழுதிருப்பே!"

"யாரு, நானா? ஒன் இடது கையா? அது சல்யூட் அடிக்கத்தான் லாயக்கு."

"சல்யூட் வலது கையில அடிக்கிறதுடா!"

"பாத்தியா, அதுக்குக்கூட லாயக்கில்ல!"

மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்துக் கடையில் இறால் நிறுத்துக்கொண்டிருந்த அம்மா தராசை மறந்தார். ரத்னவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. காதருக்கு ஒரு வயது கூடுதல். இரண்டு பேரும் கத்திய கத்தலில் கொடுவா மீனே திரும்பிப் பார்த்திருக்கும்.

முடிவு இதுதான். அடுத்த சனிக்கு அடுத்த சனி. காலை பத்து மணி. வீராசாமி ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ரீமேட்ச்.

"வீட்டுக்குத் தெரியக்கூடாது" என்றார் காதர், குரலைத் தாழ்த்தி.

"தெரிஞ்சா விட மாட்டாங்க" என்றார் ரத்னவேல்.

கை குலுக்கிக்கொண்டார்கள். சரசு பையோடு வந்தபோது ரத்னவேல் வெறுங்கையோடு நின்றார்.

"மீன் எங்கங்க?"

"நல்லா இல்ல."

சரசு மீன்கடையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

முதல் மூன்று நாள் அவர் சிங்கம். விடிவதற்குள் எழுந்து, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, புக்கிட் மேராவில் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கயிறு தாண்டினார். கயிறு நன்றாகத்தான் சுற்றியது. அவர் தாண்டும் நேரமும் அது வரும் நேரமும்தான் ஒத்துவரவில்லை. நாலாம் நாள் இடது முழங்கால் உப்பிக்கொண்டது. அன்று மதியம் காதரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. காதர் மணல் மூட்டையைக் குத்துகிறார். மூட்டை ஒரு பக்கம் பறக்கிறது. அடியில் ஒரு வரி: *நாப்பது செகண்டு.*

ரத்னவேல் அதை சரக்குக் கிடங்கின் கழிப்பறையில் நின்று ஒன்பது தடவை பார்த்தார். ஒன்பதாவது தடவை அவர் மூட்டையைப் பார்க்கவில்லை. மூட்டை இருந்த இடத்தில் தன்னைப் பார்த்தார்.

அன்றுமுதல் சாப்பாடு இறங்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டதா இல்லையா என்று மறந்து போயிற்று. சண்டை வேண்டாம் என்று காதரிடம் சொல்லலாம். சொன்னால்? அடுத்த முப்பத்து நாலு வருஷத்துக்கு உட்லண்ட்ஸில் ரத்னவேல் மேடை ஏறாமலேயே விழுவார்.

படுக்கையில் புரண்டபோதுதான் வழி தெரிந்தது. சரசு! சரசுவிடம் மாட்டிக்கொண்டால் போதும். அவள் கத்துவாள், அழுவாள், கதவை மறிப்பாள். 'என்ன பண்றது காதர், வீட்டுல விட மாட்டேங்கிறா' என்று ஒரு செய்தி. மானமும் தப்பும், மூக்கும் தப்பும். சரசு கையை ஓங்குகிறவள் இல்லை. ஆனால் குத்திக்காட்டுவதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷமாகப் பெற்றோர்களைச் சமாளிக்கிறவள். அவள் நிறுத்து என்றால் எதுவும் நிற்கும்.

மறுநாள் கையில் சுற்றுகிற துணிப்பட்டையைச் சோபாவின் நடுவில், கண்ணில் குத்துகிற மாதிரி போட்டுவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தால், அது துவைத்து, உருட்டி, அவருடைய சாக்ஸ்களோடு அடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த நாள் சிவப்புக் குத்துச்சண்டைக் கையுறைகளை எடுத்துச் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க, இது யாரோடது?"

வந்துவிட்டது! ரத்னவேல் தொண்டையைச் செருமினார். "அது… வந்து… எங்க டிப்பார்ட்மென்ட்ல ஒருத்தரோடது."

"ஈரமா இருக்கே. வேர்வை நாத்தம் வேற."

"ஆமா. என்ன ஏதுன்னு நீ கேக்கலயே?"

"நம்மளுக்கு எதுக்கு அடுத்தவங்க விஷயம்" என்றபடி சரசு இரண்டையும் எடுத்துப்போய், துணி காயப்போடும் மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பதினோராவது மாடியில் இரண்டு சிவப்புக் கைகள் காற்றில் ஆடின. புளோக் முழுக்க அண்ணாந்து பார்த்தது. சரசு மட்டும் வெங்காயம் நறுக்கினாள்.

வியாழக்கிழமை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பக்கத்து வீட்டுச் சந்திரமதி. அவரிடம் காலையில் ஒன்று சொன்னால், சாயங்காலம் அது நமக்கே செய்தியாகத் திரும்பி வரும். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது ரத்னவேல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சந்திராக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா சரசுகிட்ட. சனிக்கிழமை நான் ஒரு குத்துச்சண்டைக்குப் போறேன். பயங்கரமான ஆளு. என்ன வேணா ஆகலாம்."

"ஐயோ! நான் எதுக்குத் தம்பி சொல்லப் போறேன்?"

வியாழன் போனது. வெள்ளி போனது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாகச் சந்திரமதி ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் ரத்னவேல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"நாளைக்கு ஒரு வேலையாப் போறேன் சரசு. கொஞ்சம் ஆபத்தான வேலை."

"அப்படியா. வந்து சாப்பிடுவீங்களா, சாப்பிட்டுட்டுப் போவீங்களா?"

"ஆபத்தான வேலைன்னேன்!"

"கேட்டுச்சு. அதான் எத்தனை பேருக்குச் சோறு வைக்கிறதுன்னு கேக்குறேன்."

சனிக்கிழமை காலை. அவர் சட்டையை மெதுவாக மாட்டினார். செருப்பை இன்னும் மெதுவாக மாட்டினார். சரசு ஒரு பையை நீட்டினாள். உள்ளே துண்டு, தண்ணீர்ப் போத்தல், மாத்திரை.

"போயிட்டு வாங்க."

ரத்னவேல் நகரவில்லை. "சரசு… நீ என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

சரசு யோசித்தாள். அவர் செருப்பைக் கழற்றத் தயாரானார்.

"ஆமா" என்றாள். "வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

லிஃப்ட் கதவு மூடியது.

பயிற்சிக்கூடத்தின் படி செங்குத்தாக இருந்தது. மேலே வேர்வையும் ரப்பரும் கலந்த வாசம். நடுவில் குத்துமேடை. கயிறுகள் இழுத்துக் கட்டியிருந்தன. பயிற்சியாளர் அனிதா, முப்பது வயதிருக்கும், ரத்னவேலின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

"ரொம்ப அதிகமா இருக்கா?" என்று கேட்டார் ரத்னவேல், ஆசையாக.

"லேசா. நெர்வஸ்தான் அங்கிள்."

"டாக்டர் லெட்டர் வேணும்ல? என்கிட்ட இல்ல. ரூல் ரூல்தான், நான் போயிட்டு—"

"லெட்டர் வந்திருச்சே. லைட் ஸ்பாரிங், மெதுவா மோதிப் பாக்கலாம்னு போட்டிருக்கு."

"யார் அனுப்பினா?"

"உங்க பேர்லதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அனிதா போய்விட்டாள்.

ரத்னவேல் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் பலதுறை மருந்தகத்து டாக்டரிடம் போனது போன செவ்வாய்க்கிழமை. மாத்திரைக்கு. கூடவே வந்து, அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரோடு ரொம்ப நேரம் பேசியது சரசு. அதற்குமேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உடை மாற்றும் அறைக்குள் போனார்.

பெஞ்சில் காதர் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"வீட்டுல தெரியுமா?" என்றார் காதர்.

"தெரியாது. ஒனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா ஆமினா இங்கயே வந்து நிப்பா."

"சரசுவும்தான். வந்தா அப்படியே இழுத்துட்டுப் போயிருவா."

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். வாசல் காலியாக இருந்தது.

"கொஞ்ச நேரம் பாப்போமா?" என்றார் காதர்.

"பாப்போம். அவசரம் இல்ல."

பத்தே கால் ஆனது. பத்தரை ஆனது. காதர் இடது கைப்பட்டையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். அனிதா வந்து கூப்பிட்டாள். "அங்கிள்ஸ், ரெடியா?" வேறு வழியில்லை. தலைக்கவசம், பல்லுக்கு ரப்பர், மெத்தை மாதிரி பெரிய கையுறை. மேடை ஏறினார்கள். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு ஒரு நிமிடம் என்றாள் அனிதா.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

சரசு! பின்னாலேயே காதரின் மனைவி ஆமினா பீவி. ரத்னவேலுக்கு உயிர் வந்தது. பல் ரப்பரைத் துப்பினார். கையுறைக் கைகளை விரித்துக்கொண்டு கயிற்றுக்கு ஓடினார்.

"சரசு! யார் சொன்னா உனக்கு? சரி சரி, சத்தம் போடாதே. அழாதே. உனக்குப் பிடிக்கலன்னா நான் இப்பவே எறங்கிடுறேன். காதர், பாத்துக்க, நான் என்ன பண்றது—"

சரசு அழவில்லை. ஓரத்தில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து மேடைக்கு முன்னால் போட்டாள். ஆமினா பீவி ஒன்றில் உட்கார்ந்து, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். வறுத்த கடலைப் பொட்டலமும் வந்தது.

"லேட்டாயிருச்சு" என்றாள் சரசு. "பஸ் கிடைக்கல. ஆரம்பிங்க."

மணி அடித்தது.

இரண்டு பேரும் கையை உயர்த்திக்கொண்டு வட்டம் சுற்றினார்கள். காதரின் வலது கை அசைந்தால் ரத்னவேல் பின்னால் போனார். இவருடைய தோள் அசைந்தால் காதர் பின்னால் போனார். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று ரத்னவேலுக்கு மறந்தே போயிருந்தது.

"அங்கிள்ஸ், யாராவது ஒருத்தர் அடிங்க" என்றாள் அனிதா.

"வீட்டுல ஃபேன் மாட்டுறேன்னு சொல்லிட்டு இவரு இப்படித்தான் சுத்துவாரு" என்றார் ஆமினா பீவி, கடலைத் தோலை ஊதிக்கொண்டே.

இரண்டாவது ரவுண்டு. இத்தனை வருஷமாகக் காதர் விழுந்த ரவுண்டு. ரத்னவேல் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை விட்டார். அது போய்ச் சேர ரொம்ப நேரம் எடுத்தது. போய்ச் சேர்ந்தபோது காதரின் தலைக்கவசத்தை 'புஸ்' என்று தொட்டது.

"வலிக்குதா?" என்றார் ரத்னவேல், பதறி.

"இல்ல இல்ல" என்றார் காதர். பதிலுக்கு அவருடைய கை இவருடைய முழங்கையில் வந்து மோதியது. "சாரிடா!"

மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது ரத்னவேலுக்குக் கால் எழவில்லை. முழங்கால் கொதித்தது. மூச்சு விசில் அடித்தது. எதிரே காதரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார். கண்ணில் அதே பயம். ரத்னவேல் மெல்ல நகர்ந்து கயிற்றோரம் வந்தார்.

"சரசு" என்றார் கிசுகிசுப்பாக. "ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்லணும்?"

"நிறுத்துன்னு சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"பொண்டாட்டிதானே நீ!"

"அதனாலதான் சொல்லல. நடக்காத சண்டையை முப்பத்து நாலு வருஷம் கேட்டாச்சு. இன்னிக்கு நான் நிறுத்தினேன்னு வைங்க, 'சரசு மட்டும் வரலன்னா அன்னிக்குக் காதரை…'ன்னு இன்னும் முப்பத்து நாலு வருஷம் ஓட்டுவீங்க. என் பேரும் சேந்து நாறணுமா? நிறுத்தணும்னா நீங்களே சொல்லுங்க. சத்தமா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ரத்னவேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அனிதா பார்த்தாள். ஆமினா பீவி கடலை தின்பதை நிறுத்தினார். மூட்டை குத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "என்னால முடியல. போதும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று காதர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ சொல்லுவேன்னுதான்டா நான் பத்து நாளா காத்துட்டு இருந்தேன்!"

"அப்ப அந்த வீடியோ? மூட்டை பறந்துச்சே?"

"பின்னாடி என் தம்பி கயித்தக் கட்டி இழுத்தான்."

அனிதா கையுறைகளைக் கழற்றிவிட்டாள். ரத்னவேல் இறங்கி வந்து சரசுவுக்கு முன்னால் நின்றார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. மூச்சுதான் இல்லை.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"டெக்காவுலேருந்து. நீங்க கத்தினது வாழைக்காய்க் கடை வரைக்கும் கேட்டுச்சு. ஆமினாக்கா அங்கதான் நின்னாங்க. அங்கயே நம்பர் வாங்கிட்டேன். சந்திராக்காகிட்ட மொத நாளே சொல்லிட்டேன், இவரு வந்து சொல்லுவாரு, வாயத் திறக்காதீங்கன்னு. டாக்டரையும் கேட்டாச்சு. யாராவது பலமா கை ஓங்கினா அந்த நிமிஷமே நிறுத்தணும்னு அனிதாகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

"யாரும் ஓங்கலயே."

"ஆமா" என்றாள் சரசு. "யாரும் ஓங்கல."

மேடையை ஒன்றரை மணி நேரத்துக்கு எடுத்திருந்தார்கள். இன்னும் அரை மணி மிச்சம். "ஆன்ட்டிஸ், நீங்க ட்ரை பண்றீங்களா? நான் புடிக்கிற பேட்ல குத்தினாப் போதும், யாரும் யாரையும் அடிக்க வேணாம்" என்றாள் அனிதா. ஆமினா பீவி முக்காட்டை இறுக்கிக்கொண்டு முதலில் ஏறினார். நாலு குத்து விட்டுச் சிரித்துச் சிரித்து இறங்கினார். அடுத்தது சரசு.

"சரசு, வேணாம்! தோள்பட்டை வலின்னு போன மாசம்தானே சொன்னே?" ரத்னவேல் கயிற்றுக்கு ஓடினார்.

அனிதா கையில் மாட்டிய பேட் மெத்தையை உயர்த்திப் பிடித்தாள். சரசு கால் மாற்றி நின்றாள். 'டப்' என்று ஒரு சத்தம். அனிதா ஒரு அடி பின்னால் போனாள்.

"ஐயோ, மணிக்கட்டு! மடக்காதே! போதும், எறங்கு!"

'டப். டப்.' இன்னும் இரண்டு. மூட்டைக்காரர்கள் கை தட்டினார்கள். ரத்னவேல் மேடையைச் சுற்றி ஓடினார். தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டார். "யாராவது நிறுத்துங்க! கீழ விழுந்துருவா! அனிதா, நிறுத்தும்மா!" என்று கத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை. சண்டை போட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு வேர்க்கவில்லை.

"அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் அனிதா.

காதர் நாற்காலியில் சாய்ந்து, மீதிக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார். "விடுடா ரத்னம். தங்கச்சி நல்லாத்தானே குத்துது."

பதினைந்து நிமிடம் ரத்னவேல் படிக்கட்டில் நின்றார். மறுபடி உள்ளே போனபோது, முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, சரசு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆமினா பீவியும் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தோறும் பெண்களுக்கு வகுப்பாம். அடுத்த வாரமே தொடக்கமாம்.

ரத்னவேல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. எழுத்து தெரியவில்லை.

"உண்மையாவே சேரப் போறியா?"

"ஆமா."

"சரி. போ. ஆனா ஏதாவது ஒண்ணுன்னா ஒடனே எனக்குப் போன் வரணும். அதுக்கு ஒரு கட்டம் இருக்கும்ல, அவசரத்துல யாரைக் கூப்பிடணும்னு?"

"இருக்கு. எழுதியாச்சு."

"என் பேரு, நம்பர் எல்லாம் சரியாப் போட்டியா?"

சரசு பேனாவை மூடினாள்.

"பதட்டப்படாத ஆளாப் பாத்துப் போடச் சொன்னா அனிதா" என்றாள். "காதர் அண்ணன் பேரைப் போட்டுட்டேன்."